சஹனில் சுற்றிய துண்டு

இங்கே கொடுத்த சுலைமானி டீ நன்றாக இருந்தது. சர்க்கரைதான் ஒரு கரண்டி தூக்கல். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு. தமிழிலேயே எழுதலாம், அரபியில் மாற்ற ஆள் இருக்கிறார் என்று சொன்னீர்கள், சந்தோஷம். அந்த ஆளுக்கு முன்கூட்டியே என் அனுதாபங்கள். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும்.

பெயர் சதக்கத்துல்லா. ஊர் காயல்பட்டினம். ஷார்ஜா ரோலாவில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வாடிக்கையாளர்கள் சேர்ந்து வந்தால் நான் வெளியே இறங்கி நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை. இருபத்தாறு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். இதுவரை என் மேல் ஒரு போக்குவரத்து அபராதம்கூட இல்லை. காரணம், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

பாலைவனத்தில் சால்மன் மீன் பிடிக்கிறோம் என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தேன். எங்கள் அர்பாப், அதாவது நாங்கள் மீன் பிடிக்கிற பேரீச்சந் தோட்டத்தின் முதலாளி, ஒரு குளிர் நாட்டுக்குச் சுற்றுலா போய் ஒரே ஒரு சால்மனைப் பிடித்துவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் அவராக இல்லை. தோட்டத்து நடுவில் குளம் வெட்டினார், மேலே கூரை போட்டார், இரவு பகலாகத் தண்ணீரைக் குளிர்விக்க லாரி அளவுக்கு ஒரு சில்லர் வாங்கி வைத்தார். கடலுக்கே போகாமல் நன்னீரிலேயே வாழ்ந்து முடிக்கிற சால்மன் வகை ஒன்று உண்டாம். அதில் முந்நூறு குஞ்சுகள் விமானத்தில் வந்தன. நாங்கள் எல்லாம் கேபின் லக்கேஜ் ஏழு கிலோவுக்குச் சண்டை போட்டு வந்தவர்கள், மீன்கள் ராஜாவாக வந்து இறங்கின.

வெளியே நாற்பத்தாறு டிகிரி கொதிக்கும். உள்ளே வந்து தண்ணீரில் கையை விட்டால் மோதிரம் கழன்றுவிடும், அவ்வளவு குளிர்ச்சி. அந்தத் தண்ணீருக்கடியில் வெள்ளியும் சாம்பலுமாக ஒரு மீன் திரும்பும்போது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகும். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில், நான் இங்கே ஒரு கட்டிலில். வாரம் ஆறு நாள் நான் யாரோ ஒருவன். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அந்தக் குளத்தங்கரையில் நிற்கும்போது மட்டும்தான் நான் சதக்கத்துல்லா. இதை மொழிபெயர்ப்பாளர் விட்டுவிடாமல் எழுத வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் குழுவில் இருபத்தாறு பேர். வாட்ஸப்பில் 'தூண்டில் நண்பர்கள்' என்று இருக்கும். என்னைத்தான் மீன் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள், ஏகமனதாக. விதி ஒன்றே ஒன்று. பிடிக்கலாம், படம் எடுக்கலாம், முத்தம்கூடக் கொடுக்கலாம், ஆனால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அர்பாப் போட்ட விதி அது. நம்மவர்களுக்கு அது விளங்கவே மூன்று மாதம் ஆனது. பிடித்த மீனை விடுவதற்கா இத்தனை தூரம் பெட்ரோல் போட்டு வந்தோம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

மக்தூம் ஒருவருக்குத்தான் அது முதல் நாளே பிடித்துப்போனது. அவரும் காயல்தான், என்னைவிட இரண்டு வயது இளையவர், எனக்கு இங்கே இருந்த ஒரே நண்பர். ரோலாவில் டைப்பிங் சென்டரில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களுடைய விசா விண்ணப்பங்களைத் தட்டிவிட்டு, சனிக்கிழமை வந்து மீனைப் பிடித்து, கொக்கியைப் பக்குவமாக எடுத்து, இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு அது மூச்சு வாங்கும் வரை காத்திருப்பார். பிறகு "போய்ட்டு வா வாப்பா, அடுத்த வாரம் பாப்போம்" என்று அனுப்பிவைப்பார். மீனுக்கு யாராவது விடைகொடுப்பார்களா? நாங்கள் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் மீன் குறைய ஆரம்பித்தது. மாதம் ஒருமுறை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வலை இழுத்து எண்ணுவோம். முந்நூறு, இருநூற்று நாற்பது, நூற்றுத் தொண்ணூறு, நூற்றைம்பது. செத்து மிதந்தவை பத்தோ பன்னிரண்டோதான். குழுவில் ஒரே கவலை. தலைக்கு ஒரு ஆராய்ச்சி வாய்ஸ் நோட் போட்டார்கள். நீர்க்காகம் தின்கிறது என்றார் ஒருவர், கூரைக்குள் நீர்க்காகம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தீனி சரியில்லை, தண்ணீரில் உப்பு ஏறிவிட்டது, ஒன்றையொன்று தின்கின்றன என்று ஆளுக்கொன்று. அஸ்கர் அலி என்கிற இளைஞன், சத்வாவில் துணிக்கடையில் விற்பனையாளன், அழுகிற முகப் பொம்மையாகப் பதினைந்து போட்டான்.

நூற்றுப் பதினெட்டு என்று எண்ணிய அன்றைக்கு அர்பாப் என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனுஷர், பேரீச்சம்பழமும் கஹ்வா காப்பியும் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். நூறுக்குக் கீழே போனால் கலாஸ், சில்லரை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மரங்களுக்குத் திறந்துவிடப் போகிறேன் என்றார். சில்லர் நின்றால் அரை நாள்கூட அந்த மீன்கள் தாங்காது. நான் வெளியே வந்து காரில் மக்தூம் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெற்ற வாப்பா மவுத்தாகி அடக்கம் செய்தபோதுகூட அப்படி அழவில்லை.

முதலில் நான் சந்தேகப்பட்டது மாயாண்டியை. இராமநாதபுரத்துப் பக்கம், தோட்டத்தில் சில்லரையும் மரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தவன், குளத்துக்கு நூறு அடியில்தான் அவன் ரூம். கேட்டேன்.

"பாய், இத்தன மீனுக்கும் மூணு வேளையும் நாந்தான் தீனி போடுறேன். எங் கையத் தேடி வர்ற மீன நானே அறுத்துத் திம்பேனா? இதெல்லாம் ஒரு கேள்வியா பாய்?" என்றான்.

கண்ணில் தண்ணீர் நின்றது. இருந்தாலும் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே. அர்பாபிடம் சொன்னேன். இரண்டு வாரத்தில் விசாவைக் கேன்சல் செய்து அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் சடங்குக்கு இன்னும் நாலு மாதம் வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் போன பிறகும் மீன் குறைந்தது. ஆக, அவன் திருடவில்லை என்று தெரிந்துபோனது. அந்த வகையில் அது உபயோகமான நடவடிக்கைதான்.

அப்படியென்றால் திருடன் எங்கள் இருபத்தாறு பேருக்குள். எப்படிக் கண்டுபிடிப்பது? பையைச் சோதித்தால் சண்டை வரும், குழு உடையும், குழு உடைந்தால் அர்பாப் குளத்தை மூடுவார். கேமரா வைத்தால் கோபித்துக்கொள்வார்கள், முடிவு அதேதான். நான் தூண்டில்காரன். எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். மீனைப் பிடிக்க இரை போடுகிறோம். மீன் திருடனைப் பிடிக்க மீனைத்தானே போட வேண்டும்?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளத்தில் ஒரு மீன் தானாகச் செத்துக் கிடந்தது. நல்ல பெரிய மீன், ஒன்றரைக் கிலோ இருக்கும். இதை அழுத்திச் சொல்கிறேன், நான் ஒரு மீனையும் கொல்லவில்லை. தோட்டத்து ஷெட்டில் பேரீச்சை மரத்து வண்டுக்குப் போடுகிற மருந்து இருந்தது. அதை எடுத்து மீனின் அடிவயிற்றுப் பக்கம் ஏற்றினேன். எவ்வளவு, எப்படி என்பதைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இங்கே வேண்டாம். அடிவயிறு ஏன் என்று உங்கள் ஆபீசர் கேட்டார். மீனில் ருசியான இடம் அதுதான். திருடியவன் நல்ல துண்டைத் தானே எடுத்துக்கொள்வான், மற்றதை வீட்டில் கொடுப்பான் என்று கணக்குப் போட்டேன். பெண்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். ஒருவனுக்கு இரண்டு நாள் வாந்தி பேதி. திங்கட்கிழமை எவன் டூட்டிக்கு லீவு போடுகிறானோ அவன்தான் திருடன். இதைவிட அமைதியான விசாரணை இருக்க முடியுமா?

சனிக்கிழமை காலை அந்த மீனை வலைப்பையில் போட்டு, யாரோ திருடி ஒளித்துவைத்த மாதிரி வடக்கு மூலையில் படிக்கட்டுக்குக் கீழே தண்ணீரில் தொங்கவிட்டேன். பத்து மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தேன், பை காலி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மிதவை முங்கும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு.

திங்கட்கிழமை ஒவ்வொருவருக்காக ஃபோன் போட்டு நலம் விசாரித்தேன். இருபத்தைந்து பேரும் நலம். என்ன காக்கா திடீரென்று இவ்வளவு பாசம் என்று கேலி செய்தார்கள். எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன். செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் போய்விட்டது. திருடன் பயந்துபோய்க் குப்பையில் போட்டிருப்பான் என்று முடிவு செய்து மனசைத் தேற்றிக்கொண்டேன். ஃப்ரீசர் என்று ஒரு சாமான் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. என் ரூமில் ஃப்ரீசர் இல்லை.

வெள்ளிக்கிழமை அஸ்கர் அலி வீட்டில் விருந்து. அவனுடைய மாமனார் கலீலுர் ரஹ்மான் விசிட் விசாவில் வந்திருந்தார். ஊர்ப் பெரியவர்களில் இருவரையாவது கூப்பிட வேண்டும் என்று என்னையும் மக்தூமையும் அழைத்திருந்தான். ஜும்ஆ தொழுகை முடிந்து ரோலாவில் அவன் ஃப்ளாட்டுக்கு நடந்தே போனோம். போகிற வழியில் மக்தூம் தன் மகள் ஹிஃப்ஸாவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டதாகச் சொன்னார். இந்த வருடக் கடைசியோடு கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்கே போய்விடுவாராம். சனிக்கிழமைகள்தான் கஷ்டமாக இருக்கும் என்றார். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

எங்கள் ஊர் விருந்தைப் பற்றி உங்கள் ஆபீசருக்கு விளங்கும்படி எழுத வேண்டும். ஆளுக்கொரு தட்டு கிடையாது. சஹன் என்று பெரிய தாம்பாளம், அதைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அரபிகளுக்கு இது புதிதில்லை. ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல துண்டு எவன் முன்னால் இருக்கிறதோ அவன் அதைத் தின்ன மாட்டான். பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளுவான். அவர் அடுத்தவர் பக்கம் தள்ளுவார். பிறந்ததிலிருந்து நான் பார்த்து வளர்ந்தது இது. மருந்தை அடிவயிற்றில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மட்டும் எப்படியோ மறந்துவிட்டேன். திருடனை நினைத்தேனே தவிர, அவனும் காயல்காரனாக இருக்கலாம் என்று நினைக்கவில்லை.

மெஹர்பானு, அஸ்கரின் மனைவி, உள்ளேயிருந்து சஹனை அனுப்பிவைத்தாள். நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காய், மேலே பொரித்த மீன் துண்டுகள் நாலு.

"மாமாக்காக சூப்பர் மார்க்கெட்ல வாங்குன சால்மன். இது மட்டுந்தான் வாங்குனேன், நமக்குத்தான், பொம்புளைங்களுக்குக் கோழி ஈக்குது," என்றான் அஸ்கர்.

மாமனார் ஓரத்தில் ஒரு துண்டைப் பிட்டார். உள்ளே சதை வெளுப்பாக இருந்தது. கடையில் விற்கிற சால்மன் ஆரஞ்சு நிறமாக இருக்கும், அதற்கென்று தீனியில் சேர்க்கிறார்கள். எங்கள் மாயாண்டி போட்ட தீனியில் அதெல்லாம் கிடையாது. மக்தூமுக்கு இது தெரியாது. அவர் எங்கள் குளத்து மீனின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். நான் அஸ்கரைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினான். ஆக, திருடன் கிடைத்துவிட்டான். அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நடுவில் இருந்தது அடிவயிற்றுத் துண்டு. பெரியது, கொழுப்போடு மினுங்கியது. அஸ்கர் அதை மாமனார் பக்கம் தள்ளினான். மாமனார் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "விருந்தாளிக்குத்தான்," என்று என் பக்கம் தள்ளினார்.

என் முன்னால் வந்து நின்றது. நான் தின்ன முடியாது. தின்னாமல் வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் எல்லாம் வெளியே வரும். சோற்றுக்கடியில் ஒளிக்கலாம் என்றால் மற்ற மூன்று பேர் கண்ணும் சஹனில்தான். நான் மரியாதையானவன் என்று ஊரில் பெயர் எடுத்தவன். மக்தூம் பக்கம் தள்ளினேன்.

"காக்கா, ஒங்களுக்குத்தான் மீனுன்னா உசுரு. நீங்க சாப்புடுங்கோ," என்று திருப்பித் தள்ளினார்.

இது முதல் தடவை. நான் மறுபடி தள்ளினேன். "மாப்ள பாத்தாச்சு, ஊருக்குப் போவப்போறீங்க. இங்க இனி எத்தன விருந்து ஈக்குது? நீங்க சாப்புடுங்கோ," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை என் பக்கம் தள்ளினார். பொன்னிறமாக, விரல் தடம் பட்டு, அந்தத் துண்டு திரும்பவும் என் முன்னால். அஸ்கர் சிரித்தான், மாமனார் சிரித்தார், நானும் சிரித்தேன். மூன்றாம் முறை நான் தள்ளவில்லை. கையில் எடுத்து, முள் பார்த்து, பெரிய பாதியைப் பிட்டு அவர் முன்னால் வைத்தேன்.

"செரி, பெரியவங்க குடுத்தா தட்டக் கூடாது," என்று பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். மிச்சத்தையும் அவருக்கே கொடுத்தேன்.

அன்று மாலையே அஸ்கருக்கும் மாமனாருக்கும் வாந்தி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்து எழுந்துவிட்டார்கள். மருந்து கொஞ்சம் மற்ற துண்டுகளுக்கும் பரவியிருக்கிறது. மக்தூம் மூன்றாம் நாள் விடிகாலை சுபுஹு நேரத்தில் மவுத்தானார். மூன்று நாளும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். என்ன சாப்பிட்டார், என்ன நடந்தது என்று டாக்டர் என்னிடம் பலமுறை கேட்டார். நெய்ச்சோறு, களறிக் கறி, மீன் என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவர் மனைவி இஃப்பத்துக்கு நான்தான் ஃபோனில் சொன்னேன். அவர் உடலை, மய்யித்தை, ஊருக்கு அனுப்புகிற தாள்களை அவருடைய டைப்பிங் சென்டரிலேயே, அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினேன். அந்த நாற்காலியைப் பார்க்க முடியவில்லை. எனக்கு வேறு நண்பர் யாரும் இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

பிறகு நீங்கள் விசாரித்தீர்கள். அஸ்கர் முதலில் சூப்பர் மார்க்கெட் என்றான், அப்புறம் குளம் என்று ஒத்துக்கொண்டான். குழுவில் மற்றவர்கள் வீட்டுக்கும் போனீர்களாம். பதினொரு வீட்டு ஃப்ரீசரில் எங்கள் மீன் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். பதினொரு வீடு. தூண்டில் உறைக்குள் போட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள், எல்லாம் என் கடையில் வாங்கிய உறை. மக்தூமின் ரூமில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒரு தயிர் டப்பாவும் என் இன்சுலினும்தான் இருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், விதியை மீறியவன் மட்டும்தான் பாதிக்கப்படுவான் என்பதுதான் என் திட்டம். திட்டத்தில் கோளாறு இல்லை. சஹனில்தான் கோளாறு.

விருந்திலேயே ஏன் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியிலாவது ஏன் சொல்லவில்லை என்று உங்கள் ஆபீசர் மேஜையைத் தட்டிக் கேட்டார். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே குளத்தை மூடியிருப்பார்கள்.

இப்போது நானாக வந்து சொல்வதற்கும் காரணம் அதுதான். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, என்னைத் தேடியும் வரவில்லை. குளத்துத் தண்ணீரில்தான் விஷம் இருக்கிறது என்று முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை சில்லரை நிறுத்தி, தண்ணீரை வற்றவைத்து, மீன்களைக் குழிதோண்டிப் புதைக்கப் போவதாக வாட்ஸப்பில் பார்த்தேன். அதனால்தான் டாக்ஸி பிடித்து ஓடி வந்தேன். தண்ணீரில் ஒன்றுமில்லை. அந்த ஒரு மீனில் மட்டும்தான் இருந்தது, அதை ஏற்றியது நான், பிட்டுக் கொடுத்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். கடைசி எண்ணிக்கையில் நூற்று நான்கு மீன்கள் இருந்தன, எல்லாம் நல்ல மீன்கள். சில்லரை மட்டும் நிறுத்த வேண்டாம்.

மக்தூம் உயிரோடு இருந்திருந்தால் அவரும் இதைத்தான் கேட்டிருப்பார்.